கண்ணுக்கு எட்டுமா? சாக்கோ பெருமனைகளின் நேர்ப்பார்வையைச் சோதிக்க எந்த வழி நல்லது

கொலராடோவின் சிம்னி ராக் முகட்டில் ஒரு நெருப்பு மூட்டினால் ஹுவர்ஃபானோ மலையில் இருப்பவர் அதைப் பார்த்து இன்னொன்று மூட்டுவார், அதைப் பார்த்ததும் சாக்கோ பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குச் சேதி தெரிந்துவிடும். ஆயிரம் வருடத்துக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் இப்படிச் சேதி அனுப்பினார்கள் என்று ஒரு கருத்து உண்டு. இதைப் படிக்கும் யாருக்கும் அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: இதை நானே சோதித்துப் பார்க்க முடியுமா? என்னிடம் கேட்கிறவர்கள் சிக்கிக்கொள்வதும் ஒரே இடத்தில்தான். நேரில் போய் நிற்பதா, வீட்டில் உட்கார்ந்து கணினியில் போட்டுப் பார்ப்பதா, எதை நம்பலாம், எதில் ஏமாறுவோம்?

நான் நியூ மெக்சிகோவில் இருக்கிறேன், வேலையிலும் நிலப்படத் தரவுகளோடுதான் பழக்கம். நாலு வழிகளைக் கீழே சொல்கிறேன். அதில் மூன்றை நானே செய்து பார்த்திருக்கிறேன், ஒன்றைச் செய்யவில்லை, ஏன் என்பதும் அந்த இடத்தில் வரும்.

பின்னணி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையில் சாக்கோ பள்ளத்தாக்கு இருக்கிறது. சுமார் 850 முதல் 1150 வரை பண்டைய புவெப்லோ மக்கள் அங்கே கல்லை அடுக்கி, மாடி மேல் மாடியாகக் கட்டியவற்றைத்தான் 'கிரேட் ஹவுஸ்' என்கிறார்கள். நான் பெருமனை என்று எழுதுகிறேன். புவெப்லோ போனிட்டோ என்ற ஒன்றில் மட்டும் 600-க்கு மேற்பட்ட அறைகள், நாலு மாடிகள். பள்ளத்தாக்குக்கு வெளியேயும் அதே பாணியில் நூற்றுக்கு மேற்பட்ட மனைகள் இன்றைய கொலராடோ, அரிசோனா, யூட்டா வரை சிதறிக் கிடக்கின்றன. இவற்றைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் ஹோப்பி, சூனி, ஆக்கொமா, லகூனா, ரியோ கிராண்டே ஆற்றோரத்துப் புவெப்லோ மக்கள். பழைய நூல்களில் வரும் 'அனசாசி' நவாஹோ மொழிச் சொல், எதிரிகளின் முன்னோர் என்ற பொருளில் வருவது, அதனால் அந்த மக்கள் அதை விரும்புவதில்லை. நானும் தவிர்க்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வழிகளுக்குப் போகும் முன் அளவுகோல்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் "தெரியுமா" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நடுவில் மலை மறைக்கிறதா என்பது முதல் கேள்வி. மறைக்காவிட்டாலும் அந்தத் தூரத்தில் மனிதக் கண்ணுக்கு ஏதாவது புலப்படுமா என்பது இரண்டாவது. அந்த மனையை அங்கே கட்டியவர்கள் இந்தப் பார்வைக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தார்களா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்து மூன்றாவது கேள்விக்கு ஒட்டிவிடுவதுதான் இந்த விஷயத்தில் நான் அதிகமாகப் பார்க்கும் தவறு, அது என்னை உண்மையிலேயே வருத்தப்படுத்தும் தவறும்கூட.

ஆகவே ஒவ்வொரு வழியிலும் நான் பார்ப்பது இவை: மூன்று கேள்விகளில் எதற்குப் பதில் தருகிறது, தவறினால் எந்தப் பக்கம் தவறும் (இல்லாததை இருக்கிறது என்று சொல்லுமா, இருப்பதை இல்லை என்று சொல்லுமா), பணமும் நாளும் உடம்பும் எவ்வளவு கேட்கும், அந்த இடத்துக்கும் அதைப் புனிதமாக நினைக்கிற மக்களுக்கும் என்ன தொந்தரவு. கடைசி அளவுகோலை யாரும் கேட்பதில்லை. நான் அதை முதலில் வைப்பேன்.

## வழி 1: பகலில் நேரில் போய் நிற்பது

பக்கத்துப் பக்கத்து மனைகளுக்கு இதற்கு ஈடான வழி வேறு இல்லை. பள்ளத்தாக்கின் வடக்கு மேட்டில் புவெப்லோ ஆல்ட்டோ, தெற்கு மேட்டில் சின் கிளெட்சின், இரண்டுக்கும் இடையே நாலு கிலோமீட்டர் அளவுதான் இருக்கும், கிட்டத்தட்ட சரியான வடக்கு-தெற்குக் கோட்டில். இரண்டுக்கும் நடைபாதை உண்டு. ஒன்றில் நின்று மற்றொன்றைப் பார்க்கும்போது, அதுவரை படத்தில் வெறும் கோடாக இருந்த ஒன்று உடம்புக்குப் புரிகிறது. கீழே பள்ளத்தாக்குத் தரையில், அத்தனை புகழ்பெற்ற புவெப்லோ போனிட்டோவில் நின்றால் செங்குத்துப் பாறைச் சுவர்கள்தான் தெரியும், வெளியுலகமே இல்லை. மேலே ஏறி ஆல்ட்டோவில் நின்றால் வடக்கே அடிவானம் வரை திறந்து கிடக்கிறது. ஆல்ட்டோ பெரும்பாலும் ஒரே தளம்தான் என்பதையும் அங்கே நின்றபோதுதான் நான் யோசித்தேன். கீழே நாலு மாடி கட்டியவர்கள் இங்கே கட்டவில்லை, உயரத்தை மேடே கொடுத்துவிட்டது.

கண்ணின் எல்லையை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. நல்ல கண்ணுக்கு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும் என்பது பொதுக் கணக்கு. நாலு கிலோமீட்டரில் அது சுமார் 1.2 மீட்டர், அதாவது ஒரு ஆள் நின்றால் ஒரு புள்ளியாகத் தெரியலாம். 40 கிலோமீட்டரில் 12 மீட்டர். 100 கிலோமீட்டரில் 29 மீட்டர், அதாவது ஒரு மனை முழுவதும் சேர்ந்து ஒரு புள்ளியாகத் தெரிந்தாலே பெரிது, அதுவும் பின்னணியோடு நிறம் மாறுபட்டிருந்தால்தான். தொலைதூர ஜோடிகளை வெறும் கண்ணால் பகலில் "சோதித்தேன்" என்று யாராவது சொன்னால் அவர் பார்த்தது மலையை, மனையை அல்ல.

இந்த வழி தவறினால் பெரும்பாலும் "தெரியவில்லை" என்ற பக்கமே தவறும். ஆயிரம் வருடத்தில் மேல் தளங்கள் சரிந்துவிட்டன, அன்று நின்ற சுவர் இன்று கற்குவியல். காற்றும் அன்றைய காற்று இல்லை, அந்த வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நிலக்கரி மின் நிலையங்கள் ஓடியிருக்கின்றன, கோடையில் காட்டுத்தீப் புகை வேறு. அதனால் ஒருநாள் போய்த் தெரியவில்லை என்றால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, தூரத்து மேடுகளில் எது எது என்று குழம்புவது. திசைகாட்டி கொண்டுபோனால் அங்கே காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் 8 பாகை கிழக்கே விலகியிருக்கும், அதைத் திருத்தாவிட்டால் வேறொரு மலையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு வருவீர்கள்.

வெளியே தெரியாத செலவுகள் இங்கேதான் அதிகம். சாக்கோவுக்குப் போகும் கடைசி இருபது கிலோமீட்டர் அளவு மண் சாலை, மழை பெய்தால் களிமண் சேறு. உள்ளே பெட்ரோல் கிடையாது, சாப்பாடு கிடையாது, போன் சிக்னலை நம்பக் கூடாது. மேட்டு நடைகளுக்கு அனுமதிச் சீட்டு எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும், இலவசம்தான். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடி வரும், மொட்டை மேட்டில் உங்களைவிட உயரமாக எதுவும் இருக்காது. கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டருக்கு மேல் என்பதால் முதல் நாள் மூச்சு வாங்கும், நிறையத் தண்ணீர் வேண்டும். சுவர் மேல் ஏறி நின்று பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியுமே என்று தோன்றும். ஏறாதீர்கள், அந்தச் சாந்து ஒரு மிதிக்கே உதிரும்.

## வழி 2: இரவு நெருப்பு, பகல் கண்ணாடி

கேள்விக்கு நேரடியான பதில் தருவது இதுதான், ஒரு முனையிலிருந்து ஒளியை அனுப்பு, மறுமுனையில் ஒருவர் பார்க்கட்டும். மனையே புள்ளியாகிவிடும் தூரத்திலும் ஒளி தெரியும், ஏனென்றால் இருட்டில் ஒளிக்கு அளவு தேவையில்லை, பிரகாசம் போதும். சிம்னி ராக், ஹுவர்ஃபானோ, புவெப்லோ ஆல்ட்டோ என்ற தொடரை அந்தப் பகுதிப் பள்ளி மாணவி ஒருவர் கண்ணாடிகளை வைத்துச் சோதித்துக் காட்டியதுதான் இந்தக் கதை இவ்வளவு பரவக் காரணம். பள்ளிக்கூடச் செய்முறை ஒன்று ஆய்வாளர்கள் எடுத்துப் பேசும் சான்றாகிவிட்டது, எனக்கு அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கும். அதற்கும் முன்பே, தேசியப் பூங்கா சேவையின் ஆய்வுத் திட்டத்தில் இருந்த ஆல்டன் ஹேஸ், தாமஸ் விண்டெஸ் இருவரும் மேட்டு விளிம்பில் வளைவாகக் கல் அடுக்கிய ஒரு வழிபாட்டு அமைப்பை ஆராய்ந்து, அங்கிருந்து மற்ற அமைப்புகளும் மனைகளும் தெரிவதைக் கவனித்து 1975-இல் எழுதினார்கள். சேதித் தொடர்பு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

கண்ணாடியில் ஒரு வசதி உண்டு. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம் என்பதால் கண்ணாடி அனுப்பும் ஒளியும் அரைப் பாகை விரியும், 100 கிலோமீட்டரில் அது கிட்டத்தட்ட 900 மீட்டர் அகலப் பட்டை. அந்தப் பட்டைக்குள் ஆள் நின்றால் போதும், குறி ஊசிமுனையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அரைப் பாகைக்குள் குறி வைப்பதும் கையால் சும்மா நடக்காது, முக்காலி வேண்டும், இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள ஏதாவது வழி வேண்டும், போன் எடுக்காத இடத்தில்.

இந்த வழி "தெரிகிறது" என்று சொன்னால் நம்பலாம், அந்தப் பக்கம் தவறவே தவறாது. ஒன்றைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: இன்றைய கண்ணாடியால் முடிந்தது அன்றைய விறகு நெருப்பால் முடிந்தது என்று ஆகாது.

நான் இதைச் செய்யவில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன். சாக்கோவில் பொழுது சாய்ந்தபின் மனைகளும் நடைபாதைகளும் மூடப்படுகின்றன, முகாமுக்கு வெளியே நெருப்பு மூட்டவே கூடாது. ஹுவர்ஃபானோ நவாஹோ மக்களின் புனித மலை, அவர்கள் அதை 'த்ஸில் நாஓதிழி' என்கிறார்கள், அவர்களுடைய தோற்றக் கதைகளில் வருகிற மலை. அதன் உச்சியில் இன்று தகவல் தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன, அவர்களுக்கு அது நெடுநாள் வருத்தம். நம்முடைய ஆர்வத்துக்காக அங்கே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது சரியில்லை. ஆராய்ச்சி நிறுவனத்தோடு, அனுமதியோடு, அந்த மக்களையும் கலந்துகொண்டு நடக்கும் சோதனையில் தன்னார்வலராகச் சேர வாய்ப்பு வந்தால் மட்டும் ஓடிப்போய்ச் சேருங்கள்.

## வழி 3: நிலப்படம், பென்சில், கொஞ்சம் கணக்கு

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நான் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் 1:24,000 நிலப்படங்கள் இணையத்தில் இலவசம். இரண்டு முனைகளை இணைத்துக் கோடு போடுங்கள், கோடு வெட்டும் சமஉயரக் கோடுகளைக் குறித்து வெட்டுமுகம் (அந்தக் கோட்டின் நெடுக நிலம் ஏறி இறங்குவதைக் காட்டும் படம்) வரையுங்கள். கூகுள் எர்த்தில் பாதை வரைந்து உயர வெட்டுமுகம் கேட்டால் அதையே ஒரு நொடியில் கொடுக்கும், ஆனால் அந்தப் படம் பூமியைத் தட்டையாக வைத்தே வரையும். பத்துக் கிலோமீட்டருக்கு அது பரவாயில்லை, நூறு கிலோமீட்டருக்கு மோசமாக ஏமாற்றும்.

திருத்தம் சுலபம். தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.0785-ஆல் பெருக்கினால் பூமியின் வளைவால் அந்த இடம் எத்தனை மீட்டர் கீழே இறங்குகிறது என்று வரும். காற்றில் ஒளி கொஞ்சம் கீழ்நோக்கி வளைவதால் அதில் ஏழில் ஒரு பங்கு அளவு நமக்குத் திரும்பக் கிடைக்கும், ஆகவே 0.068 என்று வைத்துக்கொண்டால் சாதாரண நாளுக்குச் சரியாக இருக்கும். பத்துக் கிலோமீட்டரில் 7 மீட்டர்தான். நாற்பதில் 109 மீட்டர். நூறில் 680 மீட்டர்.

இதை வைத்து ஒரு உண்மையான கேள்வியைப் பார்க்கலாம். சிம்னி ராக்கிலிருந்து புவெப்லோ ஆல்ட்டோவுக்கு நேராகவே தெரியாதா, நடுவில் ஹுவர்ஃபானோ எதற்கு? இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 137 கிலோமீட்டர். சிம்னி ராக் மனை சுமார் 2,320 மீட்டர் உயரத்தில், ஆல்ட்டோ சுமார் 1,960 மீட்டரில். பாதி வழியில் பார்வைக் கோடு தட்டைப் பூமியில் 2,140 மீட்டர் உயரத்தில் போக வேண்டும், பாதித் தூரமான 68.5 கிலோமீட்டருக்கு வளைவுக் கணக்கு 319 மீட்டர், கழித்தால் 1,820 மீட்டர். அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்கும் நிலமோ நவாஹோ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய மேட்டு நாடு, அணை நிரம்பினால் நீர்மட்டமே 1,850 மீட்டரைத் தாண்டும், சுற்றியுள்ள மேடுகள் அதற்கும் மேலே. அப்படியானால் நேர்ப்பார்வைக்கு வழியே இல்லை. சிம்னி ராக்கிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில், ஆல்ட்டோவிலிருந்து சுமார் நாற்பதில், தனித்து நிமிர்ந்து நிற்கும் ஹுவர்ஃபானோ ஏன் தேவைப்பட்டது என்பது ஒரு தாளில் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். எனக்கு இந்தக் கணக்கைப் போட்டு முடித்த மாலை இன்றும் நினைவிருக்கிறது, நெருப்புக் கதை அன்றுதான் எனக்கு நிலமாக மாறியது.

மறைக்கிறதா என்ற முதல் கேள்விக்கு, அதுவும் ஒரே ஒரு ஜோடிக்கு, இந்த வழி போதும். வித்தியாசம் ஐம்பது மீட்டருக்கு மேல் இருந்தால் முடிவை நம்பலாம். ஐந்து, பத்து மீட்டரில் தொங்கினால் நம்பாதீர்கள், மரம் ஒன்றே அதை மாற்றிவிடும். செலவு சுழியம், யாருக்கும் தொந்தரவும் இல்லை. நாற்பது மனைகளை ஒன்றோடொன்று சோதிக்க நினைத்தால் 780 கோடுகள் வரைய வேண்டும், அங்கே இது ஓய்ந்துவிடும்.

## வழி 4: கணினியில் பார்வைப்பரப்பு

ஒரு இடத்தில் நின்றால் சுற்றிலும் எந்தெந்த நிலம் தெரியும் என்று உயரத் தரவை வைத்துக் கணக்கிட்டு வண்ணம் தீட்டிக் கொடுப்பதைத்தான் பார்வைப்பரப்பு என்கிறேன். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், தரவும் இலவசம். 780 ஜோடிகளும் ஒரு இரவில் முடிந்துவிடும். ரூத் வான் டைக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில்தான் மனைகளையும் மலையுச்சி வழிபாட்டு அமைப்புகளையும் சேர்த்து, எது எதைப் பார்க்கிறது என்ற வலையாக வரைந்தது. மனைகளை மட்டும் வைத்தால் தெரியாத தொடர்புகள் உச்சி அமைப்புகளையும் சேர்த்தால் தெரிய வருகின்றன என்பது எனக்கு அதில் பிடித்த விஷயம்.

படம் அழகாக இருப்பதால் இதை எல்லோரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள், அதனால் குறைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வளைவுத் திருத்தம் சில கருவிகளில் நாமே சொன்னால்தான் சேரும். நான் முதல் முறை போட்டபோது அதைத் தேர்வு செய்ய மறந்து, தெரியவே தெரியாத ஜோடிகளெல்லாம் தெரிவதாகக் காட்ட, இரண்டு நாள் அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். வழி 3-இன் கணக்கைப் போட்டிருந்தால் முதல் ஜோடியிலேயே பிடிபட்டிருக்கும்.

அடுத்தது தரவின் கட்டம். முப்பது மீட்டர் கட்டத் தரவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே உயரம்தான். மேட்டு விளிம்பு கத்தி போல வெட்டி இறங்கும் நாட்டில் இது பெரிய சிக்கல், விளிம்பு மழுங்கிச் சரிவாகிவிடும், விளிம்பில் நிற்கும் மனை ஒரு கட்டம் உள்ளே நகர்ந்தாலே பாதிப் பார்வை போய்விடும். பத்து மீட்டர் தரவு அமெரிக்கா முழுவதும் கிடைக்கிறது, லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளப்பது) அளந்த பகுதிகளில் ஒரு மீட்டரும் கிடைக்கும். அதையே எடுங்கள்.

அப்புறம் உயரம். நிற்பவரின் கண் 1.6 மீட்டர் என்று வைப்பதா, கூரை மேல் நிற்கிறார் என்று வைப்பதா, பார்க்கப்படும் மனைக்கு எத்தனை தளம் கொடுப்பது? இந்த எண்ணை மாற்றினால் பதில் மாறும். ஒரே எண்ணில் நிறுத்தாமல் தரையிலும் கூரையிலும் இரண்டு முறை ஓட்டுங்கள். ஜான் கான்ட்னரும் ரொனால்ட் ஹாப்குட்டும் 2016-இல் கோபுர கிவாக்களைப் பற்றி (கிவா என்பது புவெப்லோ மக்களின் சடங்கு அறை) கேட்ட கேள்வி இந்த வகையைச் சேர்ந்தது: அந்தக் கோபுரங்கள் பார்ப்பதற்கா, பார்க்கப்படுவதற்கா? தொலைதூரச் சேதிக்கு என்று நெடுங்காலம் நம்பப்பட்ட கோபுரங்கள், கணக்குப்படி, பக்கத்தில் வாழ்ந்த சொந்த ஊராரோடு பிணைந்த பார்வைக்கே அதிகம் பொருந்தின. இந்த வழியின் உண்மையான பலம் எனக்கு இங்கேதான் தெரிகிறது, நமக்குப் பிடித்த கதையை அது மறுத்தும் பேசும்.

மென்பொருளுக்குக் காலமும் தெரியாது. சிம்னி ராக் மனையின் மரத்துண்டு வளையங்கள் 1076, 1093 என்று வெட்டிய ஆண்டைச் சொல்கின்றன. சின் கிளெட்சின் 1100-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. 1080-இல் யார் யாரைப் பார்த்தார்கள் என்ற படத்தில் சின் கிளெட்சின் இருக்கவே கூடாது, ஆனால் எல்லா மனைகளையும் ஒரே பட்டியலாகப் போட்டு ஓட்டினால் அது தெளிவாக நடுவில் நிற்கும்.

இன்னொரு மறைவான செலவு, இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகை. புகழ்பெற்ற மனைகளுக்குக் கிடைக்கும், சிறிய வெளிமனைகளுக்கும் உச்சி வழிபாட்டு அமைப்புகளுக்கும் கிடைக்காது. திருட்டைத் தடுக்க அமெரிக்கச் சட்டமே அவற்றை மறைத்து வைக்கச் சொல்கிறது. எங்காவது கசிந்து உங்கள் கைக்கு வந்தாலும் படத்தில் போட்டு வெளியிடாதீர்கள், தயவுசெய்து.

வேண்டுமென்றே கட்டினார்களா என்ற மூன்றாவது கேள்வியை அளந்து கேட்க நாலில் இந்த ஒரு வழியால்தான் முடியும். ஆனால் சும்மா மனைகளை மட்டும் ஓட்டினால் அதற்குப் பதில் வராது. உயரமான மேட்டில் எதைக் கட்டினாலும் நாலு பக்கமும் தெரியத்தான் செய்யும், இன்றைய கோபுரக்காரர்களும் ஹுவர்ஃபானோவைத்தானே தேர்ந்தார்கள். அதனால் அதே வட்டாரத்தில், அதே மாதிரி மேடுகளில், கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் புள்ளிகள் வையுங்கள், அவற்றுக்கும் இதே கணக்கை ஓட்டுங்கள். மனைகள் அந்தக் குருட்டுப் புள்ளிகளைவிடக் கூடுதலாக ஒன்றையொன்று பார்த்தால்தான் இடத்தேர்வைப் பற்றிப் பேச முடியும். இந்த ஒப்பீடு இல்லாத எந்தப் படத்தையும் நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பதில் தரும் கேள்வி | தவறும் பக்கம் | செலவு | இடத்துக்குத் தொந்தரவு |
|---|---|---|---|---|
| பகலில் நேரில் | கண்ணுக்குப் புலப்படுமா (அருகில்) | இருப்பதை இல்லை என்னும் | 2 நாள், வண்டி, உடம்பு | பாதையை விட்டு விலகாவிட்டால் குறைவு |
| நெருப்பு, கண்ணாடி | கண்ணுக்குப் புலப்படுமா (தொலைவில்) | "தெரிகிறது" என்றால் உறுதி | இரண்டு குழு, அனுமதிகள் | அதிகம் |
| நிலப்படம், கணக்கு | மலை மறைக்கிறதா | சில மீட்டரில் தொங்கினால் எந்தப் பக்கமும் | ஒரு மாலை | இல்லை |
| கணினிப் பார்வைப்பரப்பு | மறைக்கிறதா. ஒப்பீட்டோடு செய்தால் இடத்தேர்வும் | பெரும்பாலும் இல்லாததை இருக்கிறது என்னும் | கற்க சில வாரம் | இடங்களை வெளியிட்டால் அதிகம் |

## யாருக்கு எது

ஒரு செய்தியைப் படித்துவிட்டு, இது நிஜமாக இருக்குமா என்று மட்டும் தெரிந்துகொள்ள நினைப்பவர் வழி 3-ஐ எடுங்கள், இன்று மாலையே முடிந்துவிடும்.

கல்லூரியில் திட்ட வேலை செய்பவர், அல்லது தரவோடு பழகியவர், வழி 4-க்குப் போகலாம், ஆனால் நுழைவதற்கு முன் ஐந்து ஜோடிகளைக் கையால் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, மென்பொருள் அதே பதிலைத் தருகிறதா என்று பாருங்கள். குருட்டுப் புள்ளிகளின் ஒப்பீட்டைச் செய்ய நேரமில்லை என்றால் தலைப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள், "சேதித் தொடர்பு" என்ற சொல்லையே போடாமல், எது எதைப் பார்க்கிறது என்பதோடு நிறுத்துங்கள்.

பயணமாகப் போகிறவர்களுக்குத்தான் நிஜமான குழப்பம், சிம்னி ராக்கா சாக்கோவா என்று. சிம்னி ராக்கில் ஏற்றம் குறைவு, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அரை மணிக்குள் மேலே போய்விடலாம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான் திறந்திருக்கும், தெற்கே தெரியும் நீல மேடு எது என்பதை யாராவது காட்டித் தந்தால்தான் உண்டு. அங்கே நிற்கும்போது அவ்வளவு குறுகிய முகட்டில், கல்லையும் மரத்தையும் தண்ணீரையும் கீழிருந்து சுமந்து ஏன் கட்டினார்கள் என்ற கேள்வி வரும். இரட்டைப் பாறைத்தூண்களுக்கு நடுவே 18.6 வருடச் சுழற்சியில் நிலா உதிக்கும் இடம் அது என்பதால், பார்வை என்றாலே மனையிலிருந்து மனைக்கு என்றுதான் இருக்க வேண்டுமா, வானத்தை நோக்கியும் இருக்கலாமே என்றும் தோன்றும். எனக்கு அந்த முகட்டைப் பற்றி இந்த இரண்டாவது எண்ணமே வலுவாக இருக்கிறது.

மனைக்கு மனை தெரிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் சாக்கோதான். நியூ மெக்சிகோவிலேயே உள்ள இன்னொரு பெருமனையான ஆஸ்டெக் இடிபாடுகளுக்கு இதற்காகப் போகாதீர்கள், மனை அற்புதம், திரும்பக் கட்டிய பெரிய கிவாவுக்குள் உட்காரலாம், ஆனால் ஆற்றுப் பள்ளத்தில் இருப்பதால் இந்தக் கேள்விக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

சாக்கோவில் ஒரு நாள்தான் இருக்கிறது, ஒரு மேடுதான் ஏற முடியும் என்றால், பலரும் சொல்வது போல ஆல்ட்டோவுக்கு ஏறாமல் தெற்கு மேட்டுக்கு, சின் கிளெட்சினுக்கு ஏறுங்கள். கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் சுற்று, 140 மீட்டர் அளவு ஏற்றம். ஆல்ட்டோவில் நின்று தெற்கே பார்த்தால் வெயில் முகத்தில் அடிக்கும், எதிரே உள்ள சுவரின் நிழல் பக்கம்தான் உங்களை நோக்கி இருக்கும். சின் கிளெட்சினில் நின்று வடக்கே பார்த்தால் சூரியன் முதுகுப் பக்கம், ஆல்ட்டோவின் தெற்குச் சுவர் முழு வெளிச்சத்தில் இருக்கும். அக்டோபரில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒரு சாதாரண 8×42 தொலைநோக்கி போதும்.